இங்கிலாந்தில் மாஸ்டர்ஸ் படிக்க அரசுக் கடன்: யாருக்குக் கிடைக்கும், எங்கே சிக்கும்

புதிதாக வந்தவர்கள் பலரும் கேட்பது இது: இங்கே மாஸ்டர்ஸ் படிக்க அரசு பணம் தருமா? தரும், ஆனால் கடனாகத்தான். ஸ்டூடண்ட் விசா, ஸ்கில்டு வொர்க்கர் விசா, அவர்களோடு வந்த டிபெண்டண்ட் விசா என்று இருக்கும்வரை அதுவும் கிடையாது. பொதுவாக ஐஎல்ஆரோ (காலவரையின்றித் தங்கும் அனுமதி) குடியுரிமையோ வேண்டும். அதோடு படிப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் பிரிட்டனில் வாழ்ந்திருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் முழுநேரப் படிப்புக்காக மட்டும் தங்கியிருந்த காலம் சிக்கலாகும். அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு மூன்றாண்டு நிபந்தனை இல்லை. இங்கே சொல்வது இங்கிலாந்தில் வசிப்பவர்களுக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனித் திட்டங்கள் உண்டு.

2025–26 கல்வியாண்டில் தொடங்கும் படிப்புக்கு அதிகபட்சம் 12,858 பவுண்டு. இது ஓர் ஆண்டுக்கான தொகை அல்ல, முழுப் படிப்புக்கும் சேர்த்து. கணவன், மனைவி, பெற்றோர் வருமானத்தைப் பார்ப்பதில்லை. வயது 60க்குக் கீழ் இருக்க வேண்டும்.

இனி, ஆட்கள் தடுக்கி விழும் இடங்கள்.

முதலாவது தேதி. ஐஎல்ஆர் உங்கள் கையில் இருக்க வேண்டியது வகுப்பு தொடங்கும் நாளில் அல்ல, கல்வியாண்டின் முதல் நாளில். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை தொடங்கும் படிப்புகளுக்கு அந்த நாள் செப்டம்பர் 1. வகுப்பு செப்டம்பர் 22இல், ஐஎல்ஆர் செப்டம்பர் 10இல் வந்தது என்றால் கடன் கிடைக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை தொடங்கும் படிப்புகளுக்கு அந்த நாள் ஜனவரி 1. ஆகவே ஐஎல்ஆர் தள்ளிப்போகும் என்று தெரிந்தால் சேர்க்கையை ஜனவரிக்கு மாற்ற முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். உள்நாட்டுக் கட்டணமா வெளிநாட்டுக் கட்டணமா என்பதைப் பல்கலைக்கழகம் தனியாக முடிவு செய்யும். அவர்கள் உள்நாட்டு மாணவர் என்று சொல்லிவிட்டதால் கடனும் வரும் என்று நம்பிவிடாதீர்கள்.

இரண்டாவது, நம்மவர்களை அதிகம் பாதிப்பது: ஏற்கெனவே மாஸ்டர்ஸ் பட்டம் இருந்தால் கடன் இல்லை. எந்த நாட்டில், யார் காசில் படித்தது என்பதெல்லாம் கணக்கில்லை. ஊரில் முடித்த எம்.இ., எம்.எஸ்சி., எம்.பி.ஏ. எல்லாம் இதில் அடிபடும். முதுகலை டிப்ளமோ மட்டும் இருந்தால் தடையில்லை. விண்ணப்பத்தில் பழைய படிப்பைக் கேட்பார்கள். மறைக்காதீர்கள், பின்னால் தெரியவந்தால் வாங்கியதைத் திருப்பிக் கேட்பார்கள்.

மூன்றாவது, பணம் வரும் வேகம். கடன் பல்கலைக்கழகத்துக்குப் போகாது, உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும்: 33, 33, 34 சதவீதம் என்று மூன்று தவணை. பல்கலைக்கழகம் நீங்கள் பதிவு செய்ததை உறுதிப்படுத்திய பிறகே முதல் தவணை. கட்டணம் 12,000 பவுண்டு, சேரும்போதே பாதி கட்டச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். 6,000 கேட்கும் இடத்தில் கையில் வருவது 4,243தான். மீதி 1,757க்குச் சேமிப்பு வேண்டும், அல்லது தவணை முறையை மாற்றித் தரச் சொல்லிப் பதிவுக்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டு ஆண்டுப் படிப்பானால் கடன் பாதிப் பாதியாகப் பிரியும். முதல் தவணை 2,121 பவுண்டுக்குச் சுருங்கிவிடும்.

படிப்பு குறைந்தது 180 கிரெடிட் கொண்ட முழு மாஸ்டர்ஸாக இருக்க வேண்டும். டிப்ளமோவை மாஸ்டர்ஸாக உயர்த்தும் படிப்புக்குத் தரமாட்டார்கள். ஆசிரியர் பயிற்சியான பிஜிசிஇ-க்கு இளங்கலை மாணவர் நிதித் திட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும், இதில் அல்ல.

விண்ணப்பம் ஸ்டூடண்ட் ஃபைனான்ஸ் இங்கிலாந்து தளத்தில், ஒரே முறைதான். படிப்பின் கடைசிக் கல்வியாண்டின் முதல் நாளிலிருந்து 9 மாதம் வரை அவகாசம் உண்டு என்றாலும் அவ்வளவு காத்திருக்காதீர்கள். நமக்கே உரிய ஒரு தொல்லை பெயர்: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர், பல்கலைக்கழகத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்தது, வங்கியில் இனிஷியல். பாஸ்போர்ட்டிலும் இ-விசாவிலும் இருப்பதை மற்ற எல்லா இடத்திலும் அப்படியே போடுங்கள்.

திருப்பிக் கட்டுவது: ஆண்டுக்கு 21,000 பவுண்டுக்கு மேல் வரும் வருமானத்தில் 6 சதவீதம், படிப்பு முடிந்த பிறகு வரும் ஏப்ரல் முதல். சம்பளம் 30,000 என்றால் ஆண்டுக்கு 540, மாதம் 45. இளங்கலைக் கடனும் இருந்தால் அதற்குரிய 9 சதவீதம் தனியாகப் பிடிபடும். 30 ஆண்டில் மீதி தள்ளுபடி. நாட்டைவிட்டுப் போனாலும் கடன் கூடவே வரும். வெளிநாட்டு வருமானத்தைத் தெரிவிக்காவிட்டால் அவர்களே ஒரு தொகையை நிர்ணயித்துக் கேட்பார்கள்.

—

கேள்வி: யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் உதவித்தொகை) வாங்குகிறோம். மாஸ்டர்ஸ் கடன் எடுத்தால் அது பாதிக்குமா? கவுன்சில் டாக்ஸில் சலுகை உண்டா?

பதில்: யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் குடும்பங்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதிகபட்சக் கடனில் 30 சதவீதத்தை உங்கள் வருமானமாகக் கணக்கிடுவார்கள். தகுதி இருந்தும் கடனை வாங்காமல் விட்டாலும் வாங்கியதாகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால் குறைத்து எடுப்பதில் லாபம் இல்லை. முழுநேர மாணவருக்குக் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) சலுகை உண்டு. பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் வாங்கிக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும், தானாக வராது.

—

கேள்வி: எம்.இ. முடித்தவர் பிஎச்டி சேர்ந்தால் கடன் உண்டா அண்ணா? ஐஎல்ஆர் இருக்கிறது.

பதில்: உண்டு தம்பி. முனைவர் பட்டம் ஏற்கெனவே இல்லாமல் இருந்தால் போதும், மாஸ்டர்ஸ் தடையில்லை. 2025–26இல் தொடங்குவோருக்கு மொத்தம் 30,301 பவுண்டு வரை. ஆனால் முதலில் யூகேஆர்ஐ (ஆய்வுக்கு நிதி தரும் அரசு அமைப்பு) உதவித்தொகைக்கு முயற்சி செய்யுங்கள். அது கட்டணத்தையும் கட்டி, முழுநேர மாணவருக்கு 2025–26இல் குறைந்தது 20,780 பவுண்டு கையிலும் தரும். திருப்பித் தர வேண்டியதில்லை. அது கிடைத்தால் முனைவர் கடன் வாங்க முடியாது. ஐஎல்ஆர் இல்லாதவர்களும் இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2021 முதல் 30 சதவீதம் வரை இடங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்குப் போகலாம். ஆனால் அது தருவது உள்நாட்டு அளவுக் கட்டணம்தான். மிச்ச வித்தியாசத்தைப் பல்கலைக்கழகம் தள்ளுபடி செய்யுமா என்று ஆய்வு வழிகாட்டியிடம் முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.