ஸ்டீராய்டு கிரீம் பூசினவங்க, பூசப் பயந்தவங்க, உங்க அனுபவத்தை எழுதுங்க

என் பொண்ணுக்கு கைக்குழந்தையா இருக்கும்போதே எக்ஸிமா வந்துருச்சு, முதல்ல கன்னத்துல, அப்புறம் முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்னாடி, ராத்திரி ஆனா தூக்கத்துலயே சொறிஞ்சு காலைல பெட்ஷீட்ல ரத்தக்கறை இருக்கும். டாக்டர் எழுதிக்குடுத்த ஆயின்ட்மென்ட் ஸ்டீராய்டுனு தெரிஞ்சதும் வீட்ல ஆளுக்கு ஒரு கதை சொன்னாங்க. தோல் கருத்துடும், எலும்பு வளராது, ஒருதடவ தொட்டா விடவே முடியாதுன்னு. அத்தைக்கு அந்த ட்யூபைப் பார்த்தாலே பயம். டாக்டரும் "லேசா பூசுங்க"ன்னு மட்டும்தான் சொல்லியிருந்தாரு, அதனால வீட்ல யார் பூசினாலும் பொட்டு அளவு எடுத்து ரெண்டு கைக்கும் இழுத்துத் தேய்ப்பாங்க, சிவப்பு கொஞ்சம் மங்கினதும் நிறுத்திடுவாங்க, அடுத்த வாரமே திரும்ப வந்துடும். இப்படியே ஓடுச்சு.

அப்புறம் வேற ஒரு தோல் டாக்டர்கிட்ட போனோம். அங்க இருந்த நர்ஸ் அக்கா ட்யூபைத் திறந்து என் ஆள்காட்டி விரல் நுனியில இருந்து முதல் ரேகை வரைக்கும் ஒரு கோடு மாதிரி பிதுக்கிக் காட்டினாங்க. இது ஒரு விரல்நுனி அளவு, ஏறக்குறைய அரை கிராம், பெரியவங்க உள்ளங்கையை விரலோட சேர்த்து ரெண்டு தடவ வச்சா எவ்வளவு இடமோ அவ்வளவுக்கு இது சரியா இருக்கும்னாங்க. குழந்தைக்குப் பூசினாலும் அளவு எடுக்கறது பெரியவங்க விரல்லதான். என் பொண்ணுக்கு அப்ப நாலு வயசு, அந்த வயசுல ஒரு கை முழுக்க பாதிச்சிருந்தா ரெண்டு விரல்நுனி வேணும், பெரியவங்க கைக்கு மூணு, காலுக்கு ஆறு. எனக்கு அதைக் கேட்டதும் கண்ணு கலங்கிடுச்சு, அவ்வளவு நாளா அந்தக் குழந்தைக்குக் கிடைச்சது தேவையில பாதி கூட இல்ல.

அவங்க சொன்னபடி ஒரு நாளைக்கு ஒரு தடவ, சிவந்த இடத்துல மட்டும், தோல் வழவழன்னு ஆகற வரைக்கும் பூசினோம். நிறம் மாறினா போதாது, கண்ணை மூடிட்டு தடவிப் பார்த்தா சொரசொரப்பு இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. அந்த வாரமே பொண்ணு விடிய விடிய தூங்கினா. உங்க வீட்ல எப்படி, எழுதுங்க.

* * *

அக்கா நீங்க சொன்னதுக்கு நேர் எதிர் கதை என்னோடது. என் தங்கச்சி முகம் வெளுக்கணும்னு யாரோ சொன்ன ஒரு கிரீமை சீட்டு இல்லாம வாங்கி தினமும் போட்டா. மொமெட்டசோன்ங்கற ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூணும் கலந்தது. முதல்ல உண்மையாவே முகம் பளிச்சுன்னு இருந்துச்சு, எல்லாரும் கேட்டாங்க, அவளும் விடாம போட்டா. சில மாசம் கழிச்சு கன்னத்துல மெல்லிசா ரத்தக்குழாய் நூல் மாதிரி தெரிய ஆரம்பிச்சது, வாயைச் சுத்தி பொரி பொரியா வந்துச்சு, ஒருநாள் போடலைன்னா முகம் தீயில காட்டின மாதிரி எரியும், மறுபடி போட்டா அடங்கும். அடங்குதேன்னு போட்டுட்டே இருந்தா.

டாக்டர் சொன்ன விஷயம் எனக்கு இன்னும் மறக்கல. எல்லா இடத்துத் தோலும் மருந்தை ஒரே மாதிரி உறிஞ்சாதாம். 1967ல ஹைட்ரோகார்டிசோன்ங்கற ஸ்டீராய்டை வச்சு அளந்து பார்த்திருக்காங்க, முன்கைல உறிஞ்சறதை ஒண்ணுன்னு வச்சா நெத்தியில ஆறு மடங்கு, தாடை ஓரத்துல பதிமூணு, விதைப்பைத் தோல்ல நாப்பத்திரெண்டு மடங்கு. உள்ளங்கால்ல ஏழுல ஒரு பங்குதான். அப்படின்னா காலுக்குக் குடுத்த ட்யூபை முகத்துல போட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. கண் இமை இன்னும் மெல்லிசு, அங்க ரொம்ப நாள் போட்டா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி க்ளாக்கோமா கூட வரலாமாம். தங்கச்சிக்கு அந்த கிரீமை நிறுத்தி, ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் ஆயின்ட்மென்ட்டும் சாதாரண மாய்ஸ்சரைசரும் சன்ஸ்க்ரீனும் குடுத்தாங்க, நிறுத்தின முதல் வாரங்கள் ரொம்ப கொடுமை, வெளியவே வரமாட்டா, அழுதுட்டே இருப்பா, சரியாக மாசக்கணக்காச்சு. யாராவது இப்ப அந்த நிலைமைல இருந்தா தனியா சமாளிக்காதீங்க ப்ளீஸ், தோல் டாக்டர் பக்கத்துல இருந்து பார்த்தாதான் தாங்க முடியும்.

* * *

படர்தாமரை பத்தி யாரும் எழுதலையே. என் ரூம்மேட்டுக்கு தொடை இடுக்குல வட்டமா அரிப்பு வந்துச்சு, கடைல கேட்டதும் ஒரு மிக்ஸ் கிரீம் குடுத்துட்டாங்க, அதுல பூஞ்சை மருந்து, ஆன்ட்டிபயாட்டிக், கூடவே க்ளோபெட்டசால்ங்கற ஸ்டீராய்டு. ரெண்டே நாள்ல அரிப்பு போச்சு, நிறுத்தினதும் வந்துச்சு, மறுபடி போட்டான், இப்படியே வயிறு, முதுகுன்னு பரவிடுச்சு. ஸ்டீராய்டு வீக்கத்தையும் அரிப்பையும் அமுக்கிடும், ஆனா பூஞ்சையோட சண்டை போடற உடம்போட எதிர்ப்பையும் அங்க சேர்த்து அமுக்கிடும், அதனால பூஞ்சை சத்தமில்லாம வளருது. அந்த வட்ட ஓரம் கூட கலைஞ்சு போயிட்டதால முதல்ல பார்த்த டாக்டருக்கே எக்ஸிமாவா பூஞ்சையான்னு சந்தேகம், அப்புறம் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்புல பார்த்துதான் உறுதி பண்ணாங்க. போட்டா அடங்கி, விட்டா முன்னவிட அகலமா வருதுன்னா அந்த ட்யூபை வச்சுட்டு டெஸ்ட்டுக்குப் போங்க.

* * *

நான் மருந்தாளுநர். தினம் ரெண்டு விதமான ஆளுங்களையும் பார்க்கறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க. அட்டையில இருக்கற சதவீதத்தைப் பார்த்து "இது 1%, அது 0.05%தானே, அதுதான் மைல்டு"ன்னு நிறைய பேர் எடுத்துட்டுப் போறாங்க. அப்படியே தலைகீழ். 1% ஹைட்ரோகார்டிசோன் இருக்கறதுலயே மைல்டு, 0.05% க்ளோபெட்டசால் ப்ரோப்பியோனேட் இருக்கறதுலயே ஸ்ட்ராங். பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1%, மொமெட்டசோன் எல்லாம் ஸ்ட்ராங் வகை. சதவீதம் ஒரே மருந்துக்குள்ள ஒப்பிடத்தான் உதவும், மருந்து மாறினா அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்ல. இந்த வரிசைக்கு அடிப்படையா இருந்தது 1962ல வந்த ஒரு சோதனை, மருந்து பட்ட இடத்துல ரத்தக்குழாய் சுருங்கித் தோல் எவ்வளவு வெளுக்குதுன்னு பார்க்கறது.

ஸ்ட்ராங்னாலே கெட்டதுன்னும் இல்ல. உள்ளங்கை வெடிச்சு தடிச்சுப் போனவங்களுக்கு மைல்டு மருந்து உள்ள இறங்கவே இறங்காது, அவங்களுக்கு க்ளோபெட்டசால் எழுதறது சரிதான், ஆனா டாக்டர் சொல்லாம ரெண்டு வாரத்துக்கு மேல நீட்டக் கூடாது, வாரத்துக்கு 50 கிராம் தாண்டவும் கூடாது, தாண்டினா உடம்புக்குள்ள போய் அட்ரினல் சுரப்பியை மந்தமாக்கிடும். பூசிட்டு மேல பிளாஸ்டிக் சுத்தறது, இறுக்கமா கட்டறது, குழந்தைக்கு டயப்பருக்கு அடியில போடறது எல்லாமே உறிஞ்சறதை ஏத்திடும், டாக்டர் சொன்னா மட்டும் செய்யுங்க. வறண்ட தடிச்ச தோலுக்கு ஆயின்ட்மென்ட், நீர் வடியற இடத்துக்கு கிரீம், தலைக்கு லோஷன். நீர் வடியறதுல ஆயின்ட்மென்ட் வழுக்கிட்டுப் போயிடும்.

* * *

சார் ஒரு சந்தேகம், மாய்ஸ்சரைசர் முன்னாடியா பின்னாடியா? எனக்கு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

* * *

எது முதல்லங்கறதை விட நடுவுல இடைவெளி விடறதுதான் முக்கியம் தம்பி, இருபது முப்பது நிமிஷம் போதும். உடனே மேலயே பூசினா ஸ்டீராய்டு நீர்த்துப் போகும், நல்லா இருக்கற தோலுக்கும் பரவும். மாய்ஸ்சரைசர் மட்டும் தாராளமா, அரிப்பு இல்லாத நாள்லயும் போடுங்க. பாரஃபின் கலந்தது துணியில ஊறியிருந்தா சீக்கிரம் தீப்பிடிக்கும், அடுப்பு, சிகரெட் பக்கம் போகாதீங்க.

* * *

ஆரம்பிச்ச அக்காதான் மறுபடி. எல்லாருக்கும் நன்றி, தங்கச்சி கதை படிச்சு மனசு கனத்துப் போச்சு. என் பொண்ணுக்கு இப்ப தோல் தெளிஞ்சதும் மருந்தை ஒரேயடியா விடாம, அடிக்கடி வர்ற இடங்கள்ல மட்டும் வாரத்துல அடுத்தடுத்து ரெண்டு நாள் பூசச் சொல்லியிருக்காங்க. தோல் வெளிய நல்லா தெரிஞ்சாலும் உள்ள வீக்கம் மிச்சம் இருக்குமாம், அதனாலதான் இப்படி. எங்களுக்கு திரும்ப வர்றது நல்லாவே குறைஞ்சிருக்கு, அத்தையே இப்ப சனிக்கிழமை ஆனா ட்யூபை எடுத்துக்குடுக்கறாங்க.

நடுவுல ஒருதடவ மஞ்சளா பொருக்கு கட்டி நீர் வடிஞ்சுச்சு, அது கிருமித்தொற்று, அதுக்குத் தனியா மருந்து குடுத்தாங்க. அப்ப டாக்டர் ஒண்ணு அழுத்திச் சொன்னாரு. எக்ஸிமா இருக்கற குழந்தைக்கு ஒரே அளவுல குத்தி எடுத்த மாதிரி சின்னச் சின்ன புண்ணு கூட்டமா வந்து, வலியும் காய்ச்சலும் சேர்ந்தா அது ஹெர்பிஸ் வைரஸா இருக்கலாம், ஸ்டீராய்டைப் பூசிட்டு காலைல பார்த்துக்கலாம்னு இருக்காம அன்னைக்கே, ராத்திரியா இருந்தாலும், தூக்கிட்டு ஓடி வந்துடுங்கன்னாரு. சின்னக் குழந்தை வச்சிருக்கறவங்க இதைக் குறிச்சு வச்சுக்கோங்க.