ரிசோட்டோ சேரவே மாட்டேன் என்கிறது, சீட்டில் உள்ள சொற்களும் புரியவில்லை

மிலான்வாசி: இத்தாலியில் மிலானுக்கு வந்து ஆறு மாதம். பக்கத்து வீட்டுப் பாட்டி ரிசோட்டோ அல்லா மிலானேசே (இறைச்சி அல்லது காய்கறிச் சாற்றில் வேகவைக்கும் மிலான் பாணிச் சோறு) செய்முறையைக் கையால் எழுதிக் கொடுத்தார். கார்னரோலி அரிசி, குங்குமப்பூ எல்லாம் வாங்கிச் செய்தேன். பருக்கை தனி, சாறு தனியாக நிற்கிறது. சீட்டில் ‘தோஸ்தாரே’, ‘ஸ்ஃபுமாரே’, ‘மந்தெகாரே’ என்று எழுதியிருக்கிறார். இரண்டாவதை போனில் போட்டால் ‘மங்கச் செய்’ என்கிறது. சோற்றில் எதை மங்கச் செய்வது? உப்புக்கு நேரே க்யூ.பி. என்று இரண்டே எழுத்து. அது எத்தனை கிராம்?

அடுக்களை அக்கா: தம்பி, அரிசியைக் கழுவினீர்களா?

மிலான்வாசி: மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினேன் அக்கா.

அடுக்களை அக்கா: சரி, அங்கேதான் போயிற்று. நம் கை பழக்கத்தில் கழுவிவிடும். ரிசோட்டோவுக்குக் கழுவவே கூடாது. அரிசியின் மேல் இருக்கும் மாவுச்சத்துதான் சாற்றைக் கெட்டியாக்கிச் சேர்த்துப் பிடிக்கிறது.

தோஸ்தாரே என்றால் அரிசியைச் சூடேற வறுப்பது. நிறம் மாறக் கூடாது. அடுத்து வைனை ஊற்றி, சாராய வாடை போகும்வரை ஆவியாக விட வேண்டும், அதுதான் ஸ்ஃபுமாரே. ‘ஃபூமோ’ என்றால் புகை. அப்புறம் கொதிக்கும் சாற்றைக் கரண்டி கரண்டியாக விடுங்கள். பதினாறு, பதினெட்டு நிமிடத்தில் வெந்துவிடும், நடுவில் லேசான கடி இருக்க வேண்டும்.

மந்தெகாரேவைத்தான் நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அடுப்பை அணைத்த பிறகு, குளிர்ந்த வெண்ணெயும் துருவிய பார்மிஜானோ சீஸும் போட்டு வேகமாகக் கிளற வேண்டும். அடுப்பு எரியும்போதே போட்டால் வெண்ணெய் பிரிந்து எண்ணெயாக மிதக்கும்.

உப்புக்கல்: க்யூ.பி. என்பது ‘க்வாந்தோ பாஸ்தா’, போதுமான அளவு. நம் சமையல் குறிப்புகளில் வரும் ‘உப்பு – தேவையான அளவு’தான். அங்கேயும் கிராம் கிடையாது!

மிலான்வாசி: அரிசிக்கு ‘துவே பூன்யி அ தெஸ்தா’ என்று இருக்கிறதே?

உப்புக்கல்: தலைக்கு இரண்டு பிடி. ‘தெஸ்தா’ என்றால் தலை. அப்படியே நம்மூர்ப் பேச்சு.

அடுக்களை அக்கா: தட்டைச் சாய்த்தால் அலை மாதிரி மெல்ல நகர வேண்டும். ‘அல்லோந்தா’ என்பார்கள். குவியலாக நின்றால் இன்னும் ஒரு கரண்டி சாறு.

மிலான்வாசி: இன்று கழுவாமல் செய்தேன், வந்துவிட்டது! பாட்டிக்கு ஒரு தட்டு கொண்டுபோனேன். சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார்.