ஐலண்டைச் சுற்றி 30 அங்குலம் போதுமாம்!

வெர்னியர்_வாத்தியார்:
"மாடுலர் கிச்சன் செலவு" இழையில் தச்சன்_திருச்சி எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "10க்கு 12 கிச்சன்ல தாராளமா 3க்கு 5 ஐலண்ட் போடலாம், பயப்படாதீங்க" என்கிறார். ஐலண்ட் என்றால் சமையலறை நடுவில், சுவரைத் தொடாமல் தனியாக நிற்கும் மேடை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல் வடிவ மேடை, 2 அடி ஆழம். 10 அடியில் மேடைக்கு 2, ஐலண்டுக்கு 3 போனால் மிச்சம் 5. இரண்டு பக்கமும் பிரித்தால் இரண்டரை அடி. நீளவாக்கிலும் அதே கதைதான்: 12இல் 2, 5 கழித்தால் 5. ஆக, சுற்றிலும் 30 அங்குலம். இதற்குப் பெயர் தாராளமா? 42 அங்குலத்துக்கு ஒரு நூல் குறையக் கூடாது.

தச்சன்_திருச்சி:
வந்துட்டார்யா! வாத்தியாரே, 42 எங்கேர்ந்து எங்கே வரைக்கும்? கேபினட் கதவுலேர்ந்தா, கல்லு விளிம்புலேர்ந்தா? நாங்க கேபினட்டுக்குக் கேபினட்தான் அளப்போம். 15 வருஷமா இந்த டேப்தான் எனக்குச் சோறு போடுது.

வெர்னியர்_வாத்தியார்:
கல் விளிம்பிலிருந்து கல் விளிம்புவரை. கிரானைட் கேபினட்டைத் தாண்டி 1 அங்குலமாவது வெளியே நிற்கும். மேடைப் பக்கம் 1, ஐலண்ட் பக்கம் 1. அப்படியானால் உங்கள் 30 உண்மையில் 28. சமைக்கிறவர் வயிறு கல்லில்தான் இடிக்கும் தம்பி, கதவில் இடிக்காது.

சும்மா_படிப்பவன்:
வணக்கம். என் சமையலறை 11க்கு 13. எல் மேடை, 2 அடி. என்ன அளவில் ஐலண்ட் வைக்கலாம்? வெள்ளிக்கிழமை ஆசாரி வருகிறார்.

நியூஜெர்சி_நளா:
சிரிப்பா வருது. 42ங்கிறது சார் வீட்டுக் கண்டுபிடிப்பு இல்ல. இங்கே அமெரிக்காவுல நேஷனல் கிச்சன் அண்ட் பாத் அசோசியேஷன் சொல்றது அது. ஒருத்தர் சமைச்சா 42, ரெண்டு பேர் சமைச்சா 48, வேலை எதுவும் நடக்காத வெறும் நடைவழின்னா 36. எங்க வீட்டு ஐலண்ட் 4க்கு 8. நாலு பேர் வரிசையா உக்காரலாம், ஆளுக்கு 24 அங்குலம்.

தச்சன்_திருச்சி:
பாத்தீங்களா? 36! அமெரிக்காக்காரனே 36ங்கிறான்.

வெர்னியர்_வாத்தியார்:
36 வெறும் நடைவழிக்கு. அடுப்புக்கும் ஐலண்டுக்கும் நடுவில் நிற்க இல்லை. உங்கள் 28 எதற்கு, பூனை நடக்கவா? இன்னொன்று. 500 மில்லிமீட்டர் டிராயரை முழுக்க இழுத்தால் ஏறக்குறைய 20 அங்குலம் வெளியே வரும். 28இல் 20 போனால் 8. அந்த 8 அங்குலத்தில் நிற்கிற மனிதரை எனக்குக் காட்டுங்கள். பாத்திரம் கழுவும் மெஷின் இருந்தால் இன்னும் விசேஷம், அதன் கதவு 2 அடிக்கு மேல் நீட்டும். என் மகள் வீட்டில் ஒருவர் 32 அங்குலம் விட்டு ஐலண்ட் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மெஷினைத் திறந்தால் யாரும் குறுக்கே போக முடியாது, வேலைக்கார அம்மா ஹாலைச் சுற்றிக்கொண்டு வருகிறார்.

தச்சன்_திருச்சி:
டிராயர் இழுக்கிறவங்க நேர் எதிர்லயா நிப்பாங்க? பக்கவாட்டில நின்னுதான் இழுப்பாங்க. ஒரு நாளாவது டிராயர் இழுத்திருக்கீங்களா?

அரிவாள்மணை:
அதைத்தான் நானும் கேக்க வந்தேன். இந்த இழையில எழுதுறவங்கள்ல நேத்து ராத்திரி யார் சமைச்சீங்க? கையில கொதிக்கிற குக்கர், பின்னாடி தண்ணி குடிக்க வந்த மாமனார், காலுக்கடியில குழந்தை. இந்த நிலைமையில திரும்பிப் பாருங்க, அப்புறம் அங்குலம் பேசலாம். நளா, உங்க ஐலண்ட் உயரம் எவ்வளவு?

நியூஜெர்சி_நளா:
36 அங்குலம். இங்கே எல்லா வீட்லயும் அதான்.

அரிவாள்மணை:
என் உயரம் 5 அடி. 36ல சப்பாத்தி தேய்ச்சா ரெண்டாவது நாள் தோள்பட்டைக்குத் தைலம் வேணும். எங்க வீட்டு மேடை 32, மாவு பிசையற இடம் மட்டும் 30. நீளம் அகலம்னு முழங்குறீங்களே, உயரத்தை ஒருத்தராவது கேட்டீங்களா?

நியூஜெர்சி_நளா:
மாவு பிசையறதுக்கு மிக்ஸர் இருக்கே. இன்னுமா கையால பிசையறீங்க?

அரிவாள்மணை:
ஆமாம் தாயே. எங்களுக்குக் கை இருக்கு.

வெர்னியர்_வாத்தியார்:
உயரம் தனி இழை. இங்கே பேச்சு இடைவெளி பற்றி. தச்சன் 28க்குப் பதில் சொல்லவில்லை. போன வருஷம் சிங்க்குக்குக் கீழே எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) போடலாம் என்று சொன்னவரும் இதே தச்சன்தான் என்பதைப் புதியவர்கள் கவனத்தில் கொள்ளவும். தண்ணீர் தாங்கும் 710 கிரேடு பிளைவுட் போடும் இடத்தில் எம்டிஎஃப்! அன்றைக்கும் பதில் வரவில்லை.

தச்சன்_திருச்சி:
அது "பட்ஜெட் இல்லைன்னா" என்று சொன்னேன். பாதியை மட்டும் வெட்டி ஒட்டுறது வாத்தியாருக்குக் கைவந்த கலை. ஆமா, கோயம்புத்தூர்க்காரர் கிரைண்டரை எங்கே வைப்பார், ஐலண்ட் மேலயா?

வெர்னியர்_வாத்தியார்:
எங்கள் ஊர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, தெரியுமா? அதைக் கேலி செய்ய வேண்டாம். கிரைண்டர் மேடையில் இருக்கும். ஐலண்ட் காய் நறுக்க, பரிமாற, மாவு வழிக்க.

அக்னி_மூலை:
ஐலண்டில் அடுப்பு வைக்கிறவர்கள் கிழக்கு பார்த்துச் சமைக்கும்படி வைக்கவும். அளவெல்லாம் அப்புறம்.

வெர்னியர்_வாத்தியார்:
திசை இருக்கட்டும் ஐயா, சிலிண்டரிலிருந்து அடுப்புக்கு வரும் ரப்பர் ஹோஸ் 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஐலண்டில் அடுப்பு என்றால் தரைக்கடியில் செம்புக் குழாய் போட வேண்டும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே. அதைச் சொல்லாமல் கிழக்கைச் சொல்கிறீர்கள். அடுப்பு இருந்தால் இடைவெளி 42 கூடப் போதாது என்பது என் கட்சி.

தச்சன்_திருச்சி:
அதுக்குள்ள 42 ஏறிடுச்சா! நாளைக்கு 50 ஆகும். அடுத்த வாரம் ஐலண்டே கல்யாண மண்டபத்துல வைக்கணும்பார்.

அரிவாள்மணை:
1926ல மார்கரெட்டெ ஷூட்டெ லிஹோட்ஸ்கின்னு ஒரு பெண், ஃப்ராங்க்ஃபர்ட் குடியிருப்புகளுக்குச் சமையலறை வரைஞ்சாங்க. 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். நம்ம கணக்குல ஆறேகால் அடிக்கு 11 அடி சொச்சம். ஐலண்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அந்த மாதிரி சுமார் 10,000 கட்டினாங்க. நாம 10க்கு 12ஐ வச்சுக்கிட்டு மல்லுக்கட்டறோம்.

தச்சன்_திருச்சி:
ஆறேகால்ல மேடை போக மிச்சம் எவ்வளவு இருந்திருக்கும்? அதுல சமைச்சாங்கள்ல?

வெர்னியர்_வாத்தியார்:
ஒருவர் மட்டும் நின்று சமைக்க வரைந்தது அது. குறுக்கே ஐலண்ட் இல்லை. ஆகவே உதாரணம் பொருந்தாது. 28க்குப் பதில்?

சும்மா_படிப்பவன்:
ஐயா, 11க்கு 13...

அரிவாள்மணை:
பாவம் அந்தப் பிள்ளை. தம்பி, 11 அடி 132 அங்குலம். மேடைக்கு 24, ரெண்டு பக்கம் 42ன்னா 84. மிச்சம் 24. 13 அடி 156, அதுல 24ம் 84ம் போனா 48. ஆக 2க்கு 4. முடிஞ்சுது.

வெர்னியர்_வாத்தியார்:
அம்மணி கணக்கு சரிங்க. ஆனால் அந்த 2 அடி கல்லா, கேபினட்டா? கல் என்றால் இரு பக்கமும் 1 அங்குலம் போகக் கேபினட் 22 அங்குலம்தான். இதைச் சொல்லாமல் விட்டால் ஆசாரி 24இல் பெட்டி அடித்துவிடுவார். அப்புறம் 42, 41 ஆகிவிடும்.

தச்சன்_திருச்சி:
22ல பெட்டி அடிச்சா உள்ளே என்னத்த வைக்கிறது, அகல்விளக்கா? தம்பி, அடுப்புப் பக்கம் 42 விடுங்க, அந்தப் பக்கம் வெறும் நடைவழிதானே, 36 விடுங்க. ஐலண்ட் இரண்டரை அடி வரும். நளா சொன்ன அசோசியேஷன் கணக்கேதான்.

வெர்னியர்_வாத்தியார்:
நேற்று 30, இன்றைக்கு 42ம் 36ம். திருச்சியில் டேப் சுருங்கி விரியும் போலிருக்கிறது. தவறு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேசலாமே.

தச்சன்_திருச்சி:
10க்கு 12க்கு நான் சொன்னது சொன்னதுதான். 30 போதும். இது வேற ரூம், வேற கணக்கு.

நியூஜெர்சி_நளா:
இரண்டரை அடியில உக்காரவே முடியாதே! 36 உயர ஐலண்ட்டுன்னா முட்டிக்கு 15 அங்குலம் கல் வெளியே நீட்டணும். உக்கார முடியாத ஐலண்ட் எதுக்கு?

அரிவாள்மணை:
உக்காரவா சமையலறைக்குப் போறோம்?

சும்மா_படிப்பவன்:
ஆசாரி வந்துவிட்டார். "ஐலண்டுன்னா என்னங்க, டேபிளா?" என்று கேட்கிறார். என்ன சொல்ல?

நியூஜெர்சி_நளா:
டேபிள் வேற, ஐலண்ட் வேற!

தச்சன்_திருச்சி:
டேபிள்னே சொல்லுங்க, ரேட்டு குறைச்சுச் சொல்வார்.

வெர்னியர்_வாத்தியார்:
பெயர் என்னவாகவும் இருக்கட்டும். கல் விளிம்பிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். தச்சன், 28 இன்னும் நிலுவையில் இருக்கிறது.