எம்.ஏ. புராஜெக்டும் அதற்குப் பிறகான வேலையும்: நெல்லைப் பக்கத்து அனுபவப் பகிர்வு

முதுகலை ஆசிரியர், பாளையங்கோட்டை:

தமிழானாலும் இதழியலானாலும் மொழிபெயர்ப்பானாலும் முதுகலையின் கடைசிப் பருவத்தில் ஒரு தனி புராஜெக்ட் உண்டு. அது பெரும்பாலும் குட்டி ஆய்வேடாகத்தான் முடிகிறது. முன்னுரை, மூன்று இயல், முடிவுரை, ரெக்சின் அட்டை, தங்க எழுத்து. வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்த மறுநாள் துறை அலமாரிக்குப் போய்விடும். பதிப்பகத்திலோ பத்திரிகையிலோ வேலை கேட்கப் போகும்போது அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பயனில்லை. 90 பக்கத்தை அங்கே யாரும் புரட்டப் போவதில்லை.

அது வேலைக்கு உதவ வேண்டுமானால், எழுதத் தொடங்கும் முன்பே கல்லூரிக்கு வெளியே ஒருவர் அதைப் பெற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்க வேண்டும். அவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. சிற்றிதழ் ஆசிரியர், வட்டார வரலாறு போடுகிற பதிப்பகம், வானொலி நிகழ்ச்சிப் பொறுப்பாளர், பத்தமடையில் பாய் முடைவோர் சங்கம் என்று யாராகவும் இருக்கலாம். "இது வேண்டாம், இப்படி மாற்றிக் கொண்டுவா" என்று சொல்லக்கூடியவராக இருந்தால் போதும். கைடால் (வழிகாட்டும் ஆசிரியரால்) அதைச் செய்ய முடியாது. மதிப்பெண் அவர் கையில் இருப்பதால் மாணவர் அவருக்குப் பிடித்ததையே எழுதிவிடுவார்.

முதல் வாரத்திலேயே ஒரு பக்கத் தாள் ஒன்று தயாராக வேண்டும். என்ன வடிவம், எத்தனை சொல், யாருக்கு, எந்தத் தேதி, என்ன கோப்பு, எத்தனை முறை திருத்தித் தரப்படும் என்று அதில் எழுதி மாணவர், வெளியாள், கைடு மூவரும் கையெழுத்திட வேண்டும். "சுமார்" என்ற சொல் அதில் வரக் கூடாது.

அடுத்தது நேரக் கணக்கு. செய்முறைப் பணிக்கு ஒரு கிரெடிட் 30 மணி என்று வைத்தால் 4 கிரெடிட்டுக்கு 120 மணி. 15 வாரப் பருவத்தில் வாரம் 8 மணி. இந்த 120-ஐப் பிரித்து எழுதாமல் இறங்கும் மாணவர்தான் மார்ச் கடைசியில் தூக்கமில்லாமல் திரிகிறார். களப்பணி சார்ந்த புராஜெக்ட் என்றால் களத்துக்கு 20, ஒலியை எழுத்தாக்க 36, முதல் வரைவுக்கு 30, திருத்தத்துக்கு 20, அனுமதி, லேஅவுட், ஒப்படைப்புக்கு 14. இதில் எழுத்தாக்கத்தின் 36-தான் எல்லோருக்கும் பிசகும் இடம். அம்பாசமுத்திரம் அண்ணாச்சி அதைச் சொல்லட்டும்.

களப்பதிவாளர், அம்பாசமுத்திரம்:

சொல்லுதேன். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க 5 முதல் 6 மணி ஆகும். மேலே உள்ள 36 மணி என்பது 6 மணி நேர ஒலிக்குத்தான் தாங்கும். மாணவர்கள் 20 பேரைப் பேட்டி எடுத்துவிட்டு மூன்று பேரை எழுதிக் கொடுக்கிறார்கள். நான்கு பேர் போதும், ஆளுக்கு ஒன்றரை மணி. அதே ஆளிடம் இரண்டாம் முறை போவது புதிய ஆளைத் தேடுவதைவிடப் பலன் தரும்.

ரெக்கார்டரில் வேவ் கோப்பு (சுருக்கப்படாத ஒலி), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வையுங்கள். ஸ்டீரியோவில் மணிக்கு சுமார் 1 ஜிபி பிடிக்கும். வாயிலிருந்து ஒரு சாண் தூரம். மின்விசிறியை அணைக்கச் சொல்லத் தயங்கக் கூடாது. ஆற்றங்கரை, வயக்காடு என்றால் மைக்குக்குப் பஞ்சு உறை இல்லாமல் போகாதீர்கள், பொதிகைக் காற்று பேச்சையே தின்றுவிடும். முடித்ததும் யாரும் பேசாத 30 விநாடியைப் பதிந்துகொள்ளுங்கள். வானொலிக்கோ பாட்காஸ்டுக்கோ வெட்டி ஒட்டும்போது அது இல்லாவிட்டால் ஒட்டு தெரியும். வாட்ஸ்அப் குரல் செய்தியாக மட்டும் வாங்கி வைத்த பேட்டி ஒலிபரப்புக்குத் தேறாது. அது ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்பு.

எழுத்தாக்கத்தில் ஒரே தகராறு பேச்சு வழக்குதான். தானியங்கிச் செயலியில் போட்டால் "இருக்காவ" என்பதை "இருக்காங்க" ஆக்கும், "சொல்லுதேன்" என்பதைச் "சொல்றேன்" ஆக்கும். பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் ஆச்சி பேசியது அதில் இருக்காது. செயலியை முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளலாம். பிறகு ஒலியைக் கேட்டபடி வரிக்கு வரி திருத்த வேண்டும். எதைக் காப்பாற்றுவது, எதைச் சீராக்குவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். வினைமுற்று ("வந்தாவ", "போயிட்டாவ"), விளி ("ஏலே", "வே", "ஏட்டி"), இடச்சொல் ("அங்கன", "இங்கன") ஆகியவற்றைத் தொடக் கூடாது. மூச்சு வாங்கும் "அது வந்து", "இந்தா" போன்றவற்றைக் குறைக்கலாம். ஆனால் மூலப் படியில் எல்லாம் இருக்க வேண்டும்.

ஒப்புதலைத் தாளிலும் ஒலியிலும் வாங்குங்கள். பெயர் போடலாமா, படம் போடலாமா, குரலை இணையத்தில் ஏற்றலாமா என்பவை மூன்று தனிக் கேள்விகள். ஒன்றுக்குச் சம்மதித்தவர் மற்றதுக்கும் சம்மதித்ததாக ஆகாது. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து போன்ற நிகழ்த்துகலைகளைப் பதிகிறவர்களுக்கு இன்னொன்று: பதிப்புரிமைச் சட்டப்படி கலைஞருக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுக்கு உண்டு. சொந்த ஆய்வுக்குப் பதிவது வேறு, யூடியூபில் ஏற்றுவது வேறு.

காலம் பார்க்காமல் தலைப்பு வைப்பதுதான் பெரிய கூத்து. புராஜெக்ட் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். அதற்குள் பிசான நெல் அறுவடை வரும், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் கூட்டம் வரும், பதநீர் இறங்கத் தொடங்கும். ஆனித் தேரோட்டமும் கார் நெல் பருவத்துக்குத் தண்ணீர் திறப்பதும் இதில் சிக்காது. கோயில் கொடைத் திருவிழாக் காலத்தில் வில்லிசைக் கலைஞர் இரவெல்லாம் பாடிவிட்டுப் பகலில் தூங்குவார், பேட்டிக்கு உட்கார மாட்டார். தையிலும் மாசியிலும் போனால் நிதானமாகப் பேசுவார்.

மெய்ப்புத் திருத்துநர், நெல்லை ஜங்ஷன்:

நல்ல எழுத்தாளர்களைத் தயாரிக்கிறோம், நல்ல கோப்புகளைத் தயாரிப்பதில்லை. மேசைக்கு வருகிற முதுகலைப் பிரதிகளில் திரும்பத் திரும்பக் கிடைப்பவை இவை.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடாக மாற்றியது. பெரும்பகுதி சரியாக வந்துவிடும். மாற்றியில் மாட்டாதது அங்கங்கே ஒளிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. "ஔவை"க்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக "ஒளவை". "கௌரவம்" என்பதற்குப் பதில் "கெளரவம்". திரையில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் இடம் மாறும். ஸ்ரீவைகுண்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: "ஸ்ரீ" இரண்டு விதமான குறியீட்டில் அடிக்கப்படுகிறது, இரண்டும் ஒரே உருவம். ஒரு கட்டுரையில் இரண்டும் கலந்திருந்தால் "எல்லாவற்றையும் மாற்று" கட்டளை பாதியைத்தான் மாற்றும். பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து எழுத்துணரி வழியாக எடுத்தால் துணைக்கால் "ர" ஆகியிருக்கும். அதற்குக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

முதல் பருவத்திலேயே தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கிவிட்டால் இதில் முக்கால் பங்கு வராது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிப் பழகிய கைக்கு ண, ந, ன மூன்றிலும் ர, ற இரண்டிலும் பிழை வந்துகொண்டே இருக்கும்.

ஒவ்வொரு புராஜெக்ட்டோடும் ஒரு நடைத்தாள் (எதை எப்படி எழுதுவது என்ற முடிவுகளின் பட்டியல்) இணைக்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கம் போதும். தாமிரபரணியா தாமிரவருணியா, எண்ணா எழுத்தா, ஒற்றை மேற்கோளா இரட்டையா, ஊர்ப் பெயரோடு வேற்றுமை உருபு சேரும்போது எப்படி, பேச்சு வழக்கில் சந்தி போடுவதா இல்லையா. எதைத் தேர்ந்தாலும் சண்டையில்லை. பத்தாம் பக்கத்தில் ஒன்று, முப்பதாம் பக்கத்தில் ஒன்று என்றால்தான் சண்டை. வேலைக்கு எடுப்பவர் அந்தத் தாளைப் பார்த்ததும் இந்தப் பிள்ளைக்கு மேசை வேலை தெரியும் என்று புரிந்துகொள்வார்.

மெய்ப்பு மூன்று சுற்று. முதலில் மூலத்தோடு ஒப்பிட்டு. இரண்டாவதில் திருத்தங்கள் ஏறியதா, ஏறியபோது அடுத்த வரி கெட்டதா என்று. மூன்றாவதில் தலைப்பு, பக்க எண், உள்ளடக்கம், படக்குறிப்பு மட்டும். மூன்றையும் எழுதியவரே பார்த்தால் ஒரு சுற்று பார்த்ததாகத்தான் கணக்கு. மாணவர்கள் பிரதியை மாற்றிக்கொண்டு பாருங்கள்.

லேஅவுட், அச்சு, பேட்டை:

புராஜெக்ட்டைச் சிறுநூலாகக் கொண்டுவர நினைப்பவர்கள் சொல் எண்ணிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். டெமி 1/8 என்ற நூல் அளவில் 11 புள்ளி எழுத்தில் பக்கத்துக்கு ஏறக்குறைய 190 தமிழ்ச் சொல் பிடிக்கும். 32 பக்கம் என்றால் இரண்டு ஃபாரம் (ஒரு ஃபாரம் என்பது சேர்த்து அச்சாகும் 16 பக்கக் கட்டு). தலைப்பு, உரிமைப் பக்கம், உள்ளடக்கம், நன்றி என்று 6 பக்கம் போக 26 பக்கம், அதாவது 5,000 சொல்லுக்குச் சற்றுக் குறைவு. 120 மணி நேரத்தில் உருப்படியாகச் செய்யக்கூடியது அவ்வளவுதான். 34 பக்கமாக வந்து நிற்பவர்களிடம் இரண்டு பக்கத்தைக் குறையுங்கள் என்றால் முகம் சுருங்கும். ஆஃப்செட்டில் அந்த 2 பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்ட முடியாது. டிஜிட்டல் அச்சில் நடுப்பின் அடிப்பதானால் பக்கம் 4-ஆல் வகுபட்டால் போதும். 50 பிரதிக்கு டிஜிட்டலே கட்டும்.

தாள் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற தாள் எடை) மேப்லித்தோ, அட்டை 250 முதல் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு. இன்டிசைன் பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு தமிழ் போட்டால் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். படத்தை வேர்டு கோப்புக்குள் ஒட்டி அனுப்பாதீர்கள். தனித்தனிக் கோப்பாக 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), 4 அங்குல அகலத்துக்கு 1,200 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணுக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, சொந்தமாகப் பதிப்பிக்கும் ஆசிரியரும் கேட்கலாம்.

வட்டாரச் செய்தியாளர், சேரன்மகாதேவி:

இதழியல் பிள்ளைகளுக்கு: தாமிரபரணியைப் பற்றி எழுதுகிறேன் என்று வராதீர்கள், அது புராஜெக்ட் அல்ல. ஆற்றில் எட்டு அணைக்கட்டு இருக்கிறது. அதில் ஒன்று, அதன் கால்வாய் ஒன்று, கடைமடை ஊர் ஒன்று. கன்னடியன் கால்வாயின் ஒரு மதகிலிருந்து கடைசி வயல் வரை நடந்து எழுதினால் 1,500 சொல்லுக்கு மேலேயே விஷயம் கிடைக்கும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுவதானால் முதல் வாரமே போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். தராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள், சில நேரம் 45 வரை போகும். மூன்றாம் மாதத்தில் மனு போட்டால் பதில் வைவாவுக்குப் பிறகுதான் வரும். கேள்வியில் "ஏன்" வேண்டாம், அலுவலகம் ஆவணத்தைத்தான் தரும், விளக்கம் தராது. "2022 முதல் 2024 வரை இந்த மதகின் பராமரிப்புக்கான மதிப்பீடு, பணி ஆணை, அளவைப் புத்தக நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆசிரியர் மேடத்துக்கு ஒரு வேண்டுகோள்: புராஜெக்ட்டில் ஒரு பிரதியைத் திருத்தக் கோப்பாக வைக்கச் சொல்லுங்கள். முதல் வரைவு, வெளியாளின் சிவப்புக் குறிகள், மாணவர் எதை ஏற்றார், எதை ஏன் ஏற்கவில்லை என்ற குறிப்பு. நேர்முகத்தில் முடிந்த கட்டுரையைவிட அதைத்தான் பார்க்கத் தோன்றும். அடி வாங்கி எழுந்து வந்த பிரதியா என்று தெரிந்துவிடும்.

முதுகலை ஆசிரியர், பாளையங்கோட்டை:

சரி அண்ணாச்சி. மதிப்பெண்ணில் கால்வாசியை அந்தக் கோப்புக்கு ஒதுக்கலாம். வெளியாள் மூன்று வாரமாகியும் வாய் திறக்கவில்லை என்றால் என்ன செய்வது என்பதையும் முதல் தாளிலேயே எழுத வேண்டும். மாற்று ஆள் ஒருவர் பெயர் இருந்தால் போதும். இது அடிக்கடி நடக்கிறது. சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்கு ஆயிரம் சோலி.

மொழிபெயர்ப்பாளர், தென்காசி:

உரிமை பற்றி யாரும் தொடவில்லை. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழியாத படைப்பை மொழிபெயர்ப்பு புராஜெக்ட்டாக எடுத்தால் வகுப்பில் மதிப்பெண் வரும், வெளியே போட முடியாது. நாட்டுடைமையாக்கப்பட்டவையும் 60 ஆண்டு கடந்தவையும்தான் பத்திரமானவை. புதுமைப்பித்தன் இரண்டு வகையிலும் வருவார். ஆனால் ஒரு பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அவருடையவை, அதை எடுத்துக்கொள்ள முடியாது.

பதிப்பகத்தோடு முதல் ஒப்பந்தம் போடும்போது பார்க்க வேண்டியவை: உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு, நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வேறு நிபந்தனை எழுதப்படாதபோது, பெற்றவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதியாகும். மின்னூல், ஒலிநூல், திரை என்பவை தனித்தனி வரியாக இருக்கட்டும். "அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக" என்ற வரி இருந்தால் பேனாவை மூடிவிட்டுப் பேசுங்கள்.

வேலை முடிந்தால் பில் அனுப்பப் பழக்குங்கள், புராஜெக்ட்டிலேயே ஒரு மாதிரி பில் வைக்கலாம். வேலையின் பெயர், சொல் எண்ணிக்கை, சொல்லுக்கு எவ்வளவு, ஒப்படைத்த தேதி, பான் எண், வங்கி விவரம். ஆண்டு வரம்பைத் தாண்டினால் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், பான் எண் கொடுக்காவிட்டால் 20. பிடித்த தொகை போய்விட்டது என்று விட்டுவிடாமல், வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்ப வரும்.