லிங்க் கிளிக் பண்ணா ஆப்ல திறக்காம குரோமுக்கே போகுது, உதவி பண்ணுங்க

கேள்வி:
வணக்கம் நண்பர்களே, எங்க சைட் லிங்க்கை யாராவது மெசேஜ்ல அனுப்பினா நேரா எங்க ஆப்ல திறக்கணும். மேனிஃபெஸ்ட்ல (ஆப்பைப் பத்தின விவரம் இருக்கற ஃபைல்) இன்டென்ட் ஃபில்டர் (எந்த லிங்க்கை ஆப் திறக்கும்னு சொல்ற பகுதி) போட்டு, சைட் எங்களோடதுதானான்னு போனே சரிபாக்கற ஆட்டோவெரிஃபையும் ட்ரூன்னு குடுத்தாச்சு, சர்வர்ல டாட் வெல்-நோன் ஃபோல்டருக்குள்ள அசெட்லிங்க்ஸ் டாட் ஜேசனும் (சைட் எந்த ஆப்போட சேர்ந்ததுன்னு சொல்ற ஃபைல்) இருக்கு. லேப்டாப்ல இருந்து போன்ல ஏத்துற பில்டுல நல்லா திறக்குது, ப்ளே ஸ்டோர்ல இருந்து இன்ஸ்டால் பண்ணா மட்டும் குரோம்லயே நிக்குது. ஆண்ட்ராய்டு 14. ஆண்ட்ராய்டு 10 போன்லயாவது எதுல திறக்கணும்னு கேட்டுச்சு, இதுல அதுகூட வரல. யூசர்ஸ் பாவம், பிரவுசர்ல மறுபடி லாகின் பண்ணிட்டு இருக்காங்க.

பதில் 1:
ஸ்டோர் பில்டுல மட்டும் பிரச்சனைன்னா பெரும்பாலும் சைனிங் கீ (ஆப் யாரோடதுன்னு காட்ட போடற டிஜிட்டல் கையெழுத்துக்கான சாவி) தாங்க. ப்ளே ஆப் சைனிங் ஆன்ல இருந்தா யூசருக்குப் போற ஆப்பை கூகுள் வேற கீயால சைன் பண்ணித்தான் குடுக்கும், உங்க அசெட்லிங்க்ஸ் ஃபைல்ல இருக்கறது உங்க மெஷின் கீயோட ஷா-256 ஃபிங்கர்பிரிண்ட்டா (கீயை அடையாளம் காட்டற எண்-எழுத்து வரிசை) இருந்தா ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? ப்ளே கன்சோல்ல ஆப் சைனிங் பக்கத்துல அப்லோட் கீ (ஸ்டோர்ல ஏத்தறப்போ நீங்க சைன் பண்றது), ஆப் சைனிங் கீ (யூசருக்கு குடுக்கறப்போ கூகுள் சைன் பண்றது) ரெண்டும் இருக்கும், ரெண்டாவதுதான் வேணும், நிறைய பேர் அப்லோட் கீயை காப்பி பண்ணிட்டு தவிக்கறாங்க. ஃபிங்கர்பிரிண்ட் போடற இடம் ஒரு அரே (பட்டியல்), அதனால பழசைத் தூக்காம கமா போட்டு புதுசையும் சேர்த்துடுங்க, டெஸ்ட் பில்டும் ஓடும்.

குரோமுக்கு கேக்காமலே போறது ஆண்ட்ராய்டு 12ல வந்த மாற்றம், வெரிஃபை ஆகாத டொமைன்னா நேரா பிரவுசர்தான்.

பதில் 2:
அதோட ரீடைரக்டையும் பாருங்க. வெறும் டொமைன்ல இருந்து டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்கு திருப்பி விட்டிருந்தா வெரிஃபையர் (போன்ல அந்த ஃபைலை சரிபாக்கற பகுதி) பின்னாடியே போகாது, ஃபைல் அந்த அட்ரஸ்லயே ஹெச்டிடிபிஎஸ்ல 200 (சரியா கிடைச்சதுங்கற பதில்) குடுக்கணும், கன்டென்ட் டைப் அப்ளிகேஷன் ஜேசன்னு வரணும். மாத்தினதும் ஆப்பை எடுத்துட்டு மறுபடி போடுங்க, அப்புறம் ஏடிபி ஷெல்ல (கம்ப்யூட்டர்ல இருந்து போனுக்கு கமாண்ட் குடுக்கற டூல்) பிஎம் கெட்-ஆப்-லிங்க்ஸ் குடுத்தா டொமைன் பக்கத்துல வெரிஃபைடுன்னு காட்டணும்.

கேட்டவர்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி! 1024னு எரர் காட்டிட்டு இருந்த இடத்துல கன்சோல் ஃபிங்கர்பிரிண்ட் சேர்த்ததும் வெரிஃபைடுன்னு வந்துடுச்சு, ஸ்டோர் பில்டும் திறக்குது. ஐபோன்ல சஃபாரி அட்ரஸ் பார்ல டைப் பண்ணா ஆப் வரலயே, அதுவும் இதேதானா?

பதில் 2:
இல்லைங்க, ஐபோன்ல டைப் பண்ணா ஆப் வராது, அது அப்படித்தான். நோட்ஸ்ல லிங்க்கை போட்டு தட்டிப் பாருங்க. ஃபைலும் வேற, ஆப்பிள்-ஆப்-சைட்-அசோசியேஷன், பின்னாடி டாட் ஜேசன் போடக்கூடாது. ஐஓஎஸ் 14ல இருந்து போன் அதை ஆப்பிளோட சிடிஎன் (ஃபைலோட காப்பியை வெச்சுக் குடுக்கற சர்வர்கள்) வழியாத்தான் எடுக்குது, சர்வர்ல மாத்தினது உடனே தெரியலன்னா கொஞ்சம் பொறுங்க.