ஒன்பது வருஷம் பத்து மாசம்

வீட்டில் அடிபட்ட, வயதான மெக்சிகன்-அமெரிக்கப் பெண்களுக்கு உதவுகிறவர்களுக்காக இது. டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோவில் அப்படி 63 வயது அம்மா ஒருவர். இரண்டாம் கல்யாணம், அடி தாங்காமல் விவாகரத்து. வீடு துடைக்கிற வேலை, கூலி ரொக்கம். அதனால் சோஷியல் செக்யூரிட்டி என்கிற அரசு ஓய்வூதியத்துக்கு வேண்டிய 40 கிரெடிட் (வரி கட்டிய சம்பளத்துக்குச் சேரும் புள்ளி) தன் பெயரில் சேரவில்லை. தீர்ப்பு வந்த அன்று கல்யாணமாகி ஒன்பது வருஷம் பத்து மாசம். முன்னாள் கணவர் கணக்கில் சோஷியல் செக்யூரிட்டி கேட்க பத்து வருஷம் வேண்டும். கவுண்டரில் தேதியைப் பார்த்ததும் பேனா நின்றது. அவர் காகிதங்களை ஒவ்வொன்றாக மடித்து, பழைய பிஸ்கட் டின்னில் நூல்கண்டுகளுக்கு அடியில் திரும்ப வைத்தார். இரண்டே மாசம்!

*

இதைப் படித்துவிட்டு "இரண்டு மாசம் பொறுத்துக்கோ" என்று யாரும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஸ்பானிஷில் 'அகுவாந்தா', அதாவது தாங்கிக்கோ என்று கேட்டுக் கேட்டே முப்பது, நாற்பது வருஷம் கழித்தவர்கள் இவர்கள். கணக்கில் வருவது பிரிந்த நாள் இல்லை, விவாகரத்து இறுதியாகிற நாள். ஆகவே இன்றைக்கே வெளியே வரலாம். டெக்சாஸில் நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு கேட்பவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. தீர்ப்புத் தேதியை மட்டும் வக்கீல் தள்ளிப் பார்க்கட்டும். கணவனே விவாகரத்து வழக்குப் போட்டிருந்தால் அது கைமீறலாம்.

பத்து வருஷம் தாண்டியவர்களுக்கு: 62 வயதாகியிருக்கணும், மறுமணம் கூடாது. முன்னாள் கணவன் இன்னும் ஓய்வூதியம் வாங்க ஆரம்பிக்கவில்லையென்றால் அவனுக்கும் 62 ஆகி, விவாகரத்தாகி 2 வருஷம் கடந்திருக்கணும். முழு ஓய்வு வயதில் எடுத்தால் அவனுடைய முழுத் தொகையில் பாதி வரை, 62-லேயே எடுத்தால் குறையும். அவனுக்குத் தகவல் போகாது, அவன் பணமும் குறையாது. இதை ஸ்பானிஷில் இரண்டு தடவை சொல்லுங்கள். பயமே அங்கேதான் இருக்கிறது.

*

காகிதத்தோடு மட்டும் நின்றுவிடாதீர்கள், உடம்பையும் பாருங்கள். 71 வயதுக்காரர் ஒருவருக்கு அவசரப் பிரிவில் மகளே மொழிபெயர்த்தாள். "கழுத்தை நெரித்தாரா?" என்று டாக்டர் கேட்டது மகள் வாயில் "சண்டையாம்மா?" ஆகிவிட்டது. அம்மா தலையாட்டினார். குரல் மட்டும் கரகரத்தது.

கழுத்தை நெரித்தபின் கரகரப்பு, விழுங்கும்போது வலி, கண்ணில் ரத்தப் புள்ளி: இதில் ஒன்று இருந்தாலும், வெளியே காயமே தெரியாவிட்டாலும், கழுத்து ரத்தக்குழாயைப் பார்க்கிற சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் கேளுங்கள். உள்ளே கிழிந்திருந்தால் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். மத்திய அரசுப் பணம் வாங்கும் மருத்துவமனை இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தரவேண்டும். பிள்ளைகளை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேளுங்கள்.

*

இந்தப் பெண்களை அறைக்குள் எதிரெதிரே உட்காரவைத்துக் கேட்டால் "யா பாசோ", அதெல்லாம் முடிஞ்சது, என்றுதான் பதில் வரும். கைக்கு வேலை வேண்டும். டிசம்பரில் சர்ச் கூடத்தில் தமாலே, அதாவது மக்காச்சோள மட்டையில் மாவு பொதிந்து வேகவைக்கிற பண்டம், செய்தார்கள். ஊறிய மக்காச்சோள மட்டையின் வழவழப்பான பக்கம் மாவு தடவ வேண்டும். எல்லார் கண்ணும் மட்டையில்தான். ஒருத்தி தன் கதையை முடித்தாள். மூன்று மாசமாக வாய் திறக்காத பாட்டி தடவிக்கொண்டே, நிமிராமல், "எனக்கும்" என்றார். பக்கத்துக் கோமாத்ரே, நெருங்கிய தோழி, ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த மட்டையை எடுத்து நீட்டினாள்.