பெயர்ப்பலகையின் வலக்கோடி எழுத்துகள் மங்கி எரிகின்றன. விலைப்பட்டியலில் உள்ள சொற்களுக்கும் விளக்கம் வேண்டும்

காவிரிக்கரை:
வணக்கம். கும்பகோணத்தில் அப்பா நடத்தும் பாத்திரக் கடைக்குச் சென்ற மாதம் புதிய பெயர்ப்பலகை மாட்டினோம். 14 அடி நீளம். மேல்வரியில் தமிழில் "பாத்திரக் கடை", எழுத்து உயரம் 15 அங்குலம். கீழ்வரியில் ஆங்கிலம், 9 அங்குலம். பகலில் பார்க்க அழகாகவே இருக்கிறது. விளக்குப் போட்டால்தான் குறைகள் தெரிகின்றன.

"பாத்தி" வரை நல்ல வெளிச்சம். "ர" தொடங்கி மங்குகிறது. மெரூன் நிறத்தில் கேட்டிருந்த "கடை" கிட்டத்தட்ட அணைந்ததுபோல் தெரிகிறது. "க்" மேலுள்ள புள்ளி விட்டுவிட்டு எரிகிறது. வெள்ளை எழுத்துகளில் ஒளி பரவாமல் பொட்டுப் பொட்டாக நிற்கிறது. கீழ்வரியில் கடைசி ஆங்கில எழுத்தின் வால் மட்டும் இருட்டு.

விலைப்பட்டியலில் இருப்பது அப்படியே: ஏ.சி.பி. பேஸ், 3டி லெட்டர் பிரண்ட் லிட், ஓபல் அக்ரிலிக் 3 மி.மீ., ரிட்டர்ன் 2 அங்குலம், பிட்ச் 4 அங்குலம், மாட்யூல் 1.2 வாட் 110 எண்ணிக்கை, 6500 கே, ஐ.பி.65, எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட் 150 வாட், கீழ்வரி நியான். செய்து கொடுத்தவர் "போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறார். பாக்கித் தொகையைக் கொடுப்பதற்கு முன்னால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மதுரைப்பலகை:
சகோதரி, எல்.ஈ.டி. மங்கல் தானாகச் சரியாகாது. பாக்கியை நிறுத்தி வையுங்கள். ஒரு மல்டிமீட்டரும் எலக்ட்ரீஷியனும் போதும். விளக்கு எரியும்போதே மூன்று இடங்களில் டி.சி. வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள்: எஸ்.எம்.பி.எஸ்.ஸின் (230 வோல்ட்டை 12 வோல்ட் டி.சி.யாக மாற்றும் பெட்டி) வெளியேறும் முனை, "பா"வுக்குள் நுழையும் வயர், "டை"யின் கடைசி மாட்யூல் (எல்.ஈ.டி. பதித்த சிறு விளக்குத் துண்டு). எஸ்.எம்.பி.எஸ். எங்கே இருக்கிறது, அங்கிருந்து பலகைக்கு எத்தனை மீட்டர், வயரின் மேல் எத்தனை சதுர மி.மீ. என்று அச்சிட்டிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் 230 வோல்ட் வருகிறது. அதை நீங்களாகத் திறக்க வேண்டாம்.

திருச்சிமின்:
இவ்வளவு அலசத் தேவையில்லை. எஸ்.எம்.பி.எஸ். முனையருகே சிறிய திருகு ஒன்று இருக்கும். அதைத் திருகி 13.5 வோல்ட்டுக்கு ஏற்றினால் கடைசி எழுத்தும் நன்றாக எரியும்.

மதுரைப்பலகை:
அந்தத் திருகைத் தொடாதீர்கள். கடைசி எழுத்துக்கு உயிர் வரும் என்பது உண்மைதான். ஆனால் முன்வரிசை மாட்யூல்கள் அளவுக்கு மேல் மின்னோட்டம் எடுத்துச் சூடாகி, மஞ்சளித்து, ஒவ்வொன்றாகப் போகும்.

காவிரிக்கரை:
அளந்தோம். எஸ்.எம்.பி.எஸ். முனையில் 12.1, "பா"வில் 10.9, "டை"யின் முடிவில் 9.4. எஸ்.எம்.பி.எஸ். கடைக்குள் மீட்டர் பலகை அருகே இருக்கிறது. அங்கிருந்து பலகைக்கு 8 மீட்டர். வயரில் 0.75 என்று அச்சிட்டிருக்கிறது. ஒரே வயர் "பா"வில் நுழைந்து, எழுத்துக்கு எழுத்து தாவி "டை"யில் முடிகிறது.

மதுரைப்பலகை:
மங்கலுக்குக் காரணம் இதுதான். வோல்டேஜ் டிராப் என்பார்கள், அதாவது வயரே தின்றுவிடும் வோல்ட்.

கணக்கைப் பாருங்கள். 110 மாட்யூல், ஒவ்வொன்றும் 1.2 வாட் என்றால் மொத்தம் 132 வாட். 12 வோல்ட்டில் அது 11 ஆம்பியர். 0.75 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 26 ஓம் தடை. போக 8 மீட்டர், வர 8 மீட்டர், ஆக 16 மீட்டருக்கு 0.4 ஓம். 11 ஆம்பியர் முழுதாக ஓடினால் 4 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். வோல்ட் இறங்கும்போது மாட்யூல் எடுக்கும் மின்னோட்டமும் இறங்குவதால்தான் உங்கள் மீட்டரில் வீழ்ச்சி அந்த அளவுக்குத் தெரியவில்லை. மாட்யூலுக்குள் மூன்று எல்.ஈ.டி. தொடராக இருக்கும். வெள்ளை எல்.ஈ.டி. ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து 9 தேவைப்படும் இடத்தில் 9.4 மட்டும் வந்தால் பெயருக்குத்தான் எரியும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மழை புகாத பெட்டியில் வைத்துப் பலகைக்கு நேர் பின்னால் கொண்டுபோகச் சொல்லுங்கள். நீண்ட தூரத்தை 230 வோல்ட் கடக்கட்டும். அதில் ஓடப்போவது மிகக் குறைந்த மின்னோட்டமே, இழப்பு பொருட்டே இல்லை. அந்த வேலையைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டும். எர்த் கம்பியும் தனி எம்.சி.பி.யும் (மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) கட்டாயம், ஏ.சி.பி. என்னும் அலுமினியக் கூட்டுத் தகட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் எர்த் கொடுக்க வேண்டும். 12 வோல்ட் பக்கம் மூன்று கிளைகள்: பா–த்–தி ஒன்று, ர–க் ஒன்று, க–டை ஒன்று. ஒவ்வொன்றும் 1.5 சதுர மி.மீ. வயரில் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேராக வரவேண்டும். ஒரே சங்கிலியில் 20 மாட்யூலுக்கு மேல் கோக்காமல் இடையில் புது மின் ஊட்டம் கொடுப்பது தொழிலில் உள்ள பழக்கம். சரியான வரம்பு மாட்யூல் தயாரிப்பாளரின் தாளில் இருக்கும்.

அடுத்து, பொட்டுப் பொட்டான ஒளி. இதை ஹாட் ஸ்பாட் என்போம். பிரண்ட் லிட் என்பது உள்ளிருக்கும் விளக்கின் ஒளி முகப்பு வழியே வருவது, அந்த முகப்புதான் பால் வெள்ளையான ஓபல் அக்ரிலிக். ரிட்டர்ன் என்பது எழுத்தின் பக்கச் சுவர். அதன் உயரம்தான் எழுத்தின் ஆழம். பிட்ச் என்பது மாட்யூலுக்கும் மாட்யூலுக்கும் உள்ள இடைவெளி. ஆழம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவே இடைவெளி இருந்தால் ஒளி ஒன்றோடொன்று கலந்துவிடும். உங்களுக்கு ஆழம் 2, இடைவெளி 4. பொட்டுத் தெரியாமல் எப்படி இருக்கும்? அகலமாக ஒளி வீசும் லென்ஸ் மாட்யூல் போட்டு 3 அங்குல இடைவெளி வைத்தால் சமாளிக்கலாம். அப்போது எண்ணிக்கை சுமார் 147, சுமை 176 வாட். எஸ்.எம்.பி.எஸ்.ஸை 80 சதவீதத்துக்கு மேல் சுமக்க வைக்கக் கூடாது என்பதால் 250 வாட் வேண்டும். இப்போதே 150 வாட் பெட்டியில் 132 வாட் சுமை, அதுவே நெருக்கடிதான்.

கோடும்வளைவும்:
எழுத்து வரைபவன் என்ற முறையில் புள்ளியைப் பற்றிச் சொல்கிறேன். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரே பெட்டியாக வரும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி தனிப் பெட்டி. அதற்குத் தனித் துளை, தனி மாட்யூல், தனி வயர். பெரும்பாலும் வேலையின் கடைசியில், மிச்சமிருக்கும் துண்டு வயரை முறுக்கி டேப் சுற்றி மாட்டுகிறார்கள். மழையில் முதலில் துருப்பிடிப்பது அந்த முறுக்குத்தான். உங்கள் பலகையில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. இரண்டையும் கழற்றிப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள். ஐ.பி.65 என்று பட்டியலில் இருந்தால் மாட்யூலுக்குள் தூசி புகாது, பீய்ச்சும் நீரும் புகாது என்று பொருள். அந்த எண் மாட்யூலுக்கு மட்டும்தான், இணைப்புக்கு இல்லை.

இன்னொன்று: "டை"யின் இரட்டைச் சுழி. தடித்தும் மெலிந்தும் ஓடும் எழுத்துருவைத் தேர்ந்திருந்தால் சுழியின் மெலிந்த இடத்தில் மாட்யூலே உட்காராது. ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத, சீரான தடிமன் உள்ள எழுத்துரு வேண்டும். பலகைக்கான வரைபடத்தை எப்போதும் எழுத்தாக அனுப்பாமல் கர்வ் ஆக, அதாவது வெறும் வெளிக்கோடாக மாற்றி அனுப்புங்கள். இல்லாவிட்டால் எதிர்முனைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது கொம்பும் காலும் இடம் மாறிப்போகும்.

"கடை" மெரூன் என்கிறீர்களே, அது நிற அக்ரிலிக்கா, வெள்ளை ஓபலின் மேல் ஒட்டிய வைனல் என்னும் நிற ஒட்டுத்தாளா?

காவிரிக்கரை:
வைனல்தான். நகத்தால் நெம்பினால் ஓரம் எழுகிறது. உள்ளே வெள்ளை மாட்யூல்.

கோடும்வளைவும்:
அப்படியானால் வயரைச் சரிசெய்த பிறகும் "கடை" மற்ற எழுத்துகளின் அளவுக்கு வராது, முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஒளி ஊடுருவும் டிரான்ஸ்லூசன்ட் வைனல் என்று தனியாக இருக்கிறது. சாதாரண வைனல் பகலில் அதே நிறம்தான் காட்டும், ஆனால் ஒளியை மறைத்துவிடும். மீந்த துண்டு ஒன்றை டியூப்லைட்டின் முன்னால் பிடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும். நல்ல வைனலாக இருந்தாலும், 6500 கே (கெல்வின், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை ஒளி நீலம் தூக்கலாக உள்ளது; சிவப்பு வைனல் அந்த நீலம், பச்சை எல்லாவற்றையும் விழுங்கிச் சிவப்பை மட்டும் வெளியே விடும். அதனால்தான் சிவப்பு முகப்புக்குப் பின்னால் சிவப்பு எல்.ஈ.டி. வைப்பார்கள்.

கண்ணாடிக்குழாய்:
கீழ்வரியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. விலைப்பட்டியலில் நியான் என்று எழுதியிருந்தாலும் உங்களுக்குக் கிடைத்திருப்பது சிலிகான் உறைக்குள் இருக்கும் எல்.ஈ.டி. பட்டை. இன்று கடைத்தெருவில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் அதுதான், அதில் குற்றமில்லை. உண்மையான நியான் என்றால் கண்ணாடிக் குழாயை நெருப்பில் வளைத்து, காற்றை உறிஞ்சி, வாயு அடைத்து, ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்து எரிய வைப்பது. 1910 ஆம் ஆண்டு பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜார்ஜ் கிளாட் காட்டியது அதைத்தான். நியான் வாயு தருவது செம்மஞ்சள் ஒளி மட்டுமே. நீலத்துக்கு ஆர்கானும் பாதரசமும் சேர்ப்பார்கள். நான் அந்தக் குழாய்களை வளைத்தவன். அந்த ஒளியின் மென்மை பட்டையில் வராது என்றே இன்றும் சொல்வேன். இருந்தாலும் உங்கள் கடை வாசலுக்குப் பட்டையே போதும், பாதுகாப்பும் கூட.

எழுத்தின் வால் இருண்டிருப்பதற்குக் காரணம் வெட்டு. பட்டையில் இத்தனை எல்.ஈ.டி.க்கு ஒரு முறை என்று வெட்டும் குறி அச்சிட்டிருக்கும். குறி தவறி வெட்டினால் அந்த ஒரு துண்டுச் சுற்று அறுந்து இருண்டுவிடும். எழுத்தின் நீளத்துக்குப் பொருந்தவேண்டும் என்று இடையில் வெட்டியிருப்பார்கள். ஒட்டுப்போட வழியில்லை, அந்த எழுத்துக்குப் பட்டையை மாற்றிக் குறியில் வெட்டி, முனையில் மூடி வைத்துச் சிலிகான் பூச வேண்டும்.

கடைவீதி:
ஒன்று சரியாகச் செய்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 விகிதத்தில் இருக்க வேண்டும். 15க்கு 9 என்பது அச்சாக அந்தக் கணக்கு. பலகையை மாற்றும்போது இதைக் குலைத்துவிடாதீர்கள். தொழிலாளர் துறை ஆய்வில் பார்ப்பார்கள்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. மீட்டர் அளவுகளையும் 11 ஆம்பியர் கணக்கையும் தாளில் எழுதி அப்பாவே நேரில் கொண்டுபோனார். செய்தவர் மறுபேச்சில்லாமல் ஆள் அனுப்பினார். 250 வாட் எஸ்.எம்.பி.எஸ். பலகைக்குப் பின்னால் வந்துவிட்டது, வயர் மூன்று கிளையாகப் போகிறது, லென்ஸ் மாட்யூல் 3 அங்குலத்தில். இப்போது எஸ்.எம்.பி.எஸ். முனையில் 12.1, "பா"வில் 11.8, "டை"யின் முடிவில் 11.6. புள்ளிகள் இரண்டும் நின்று எரிகின்றன. ஆங்கில எழுத்தின் பட்டையை மாற்றிவிட்டார்கள்.

"கடை" மட்டும் நீங்கள் சொன்னபடியே இன்னும் மந்தம். சிவப்பு மாட்யூலும் டிரான்ஸ்லூசன்ட் வைனலும் போட ஒப்புக்கொண்டார். பழைய வைனலை உரித்து அதே அக்ரிலிக்கில் ஒட்டலாமா, முகப்பையே மாற்றச் சொல்லவா?

கோடும்வளைவும்:
ஓபலில் கீறல் இல்லையென்றால் அதே முகப்புப் போதும். ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்கி ஓரத்திலிருந்து படுக்கை வாட்டில் உரிக்கச் சொல்லுங்கள். மிஞ்சும் பசையை எடுக்கத் தின்னரோ அசிட்டோனோ தொடவே கூடாது. அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகள் விழும், இரவு ஒளியில் ஒவ்வொன்றும் தெரியும். சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். புது வைனல் ஒட்டுவதற்கு முன் ஒரு துண்டைச் சிவப்பு மாட்யூலின் மேல் பிடித்து, இருட்டிய பிறகு எதிர்ச்சாரியிலிருந்து அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குப் பிடித்த பிறகு முழு எழுத்தையும் வெட்டட்டும், அதன் பிறகு பாக்கியைக் கொடுங்கள்.